குடிய நிறுத்துற வாரமும் தூக்க மாத்திரையும்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கொஞ்ச நாளாவே இந்தப் பகுதிக்கு வர்ற கடிதங்கள்ல ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருது. குடிய நிறுத்தப் போறாரு, இல்ல நிறுத்திட்டாரு, ராத்திரி தூக்கம் இல்ல, தூக்க மாத்திரை குடுக்கலாமா. கேக்குறது மனைவி, அம்மா, தங்கச்சி, சில சமயம் குடிய விட்டவங்களே. அதனால இந்த வாரம் பக்கம் முழுக்க இதுக்கே. மாத்திரை பேர் சொல்லுவேன், எத்தனை மில்லிகிராம்னு எழுத மாட்டேன், அது ஆளப் பாத்து, லிவரப் பாத்து முடிவு பண்ற விஷயம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுறாரு, வயசு 46. கல்யாணத்துக்கு முன்னாடியே குடி உண்டு, இப்ப ஆறேழு வருஷமா தினமும் ரெண்டு குவாட்டர். காலைல எந்திரிச்சதும் கை நடுங்குது, ஒரு கட்டிங் உள்ள போனாதான் பல்லே தேய்க்கிறாரு. பொண்ணு பத்தாவது பரீட்சை எழுதப் போறா, அதுக்குள்ள விட்டுடறேன்னு அவரே சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரியில ஒரு வாரம் அட்மிட் ஆகணும்னாங்க, ஊருக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு வரமாட்டேங்கிறாரு. எங்க நாத்தனாருக்கு டாக்டர் எழுதிக் குடுத்த தூக்க மாத்திரை ஒரு அட்டை வீட்டுல இருக்கு, அல்பிரசோலம்னு போட்டிருக்கு. ராத்திரி ரெண்டு ரெண்டா குடுத்து ஒரு நாலு நாள் தூங்க வெச்சுட்டா தாண்டிடலாம்ல?
(பெயர் வேண்டாம், நாமக்கல்)

பதில்: அம்மா, அவரு வாயாலயே விடறேன்னு சொன்னாரு பாருங்க, அதக் கெட்டியா புடிச்சுக்குங்க. ஆனா நாத்தனாரோட அட்டையத் தொடாதீங்க. இன்னொண்ணு, டாக்டரப் பாக்குற வரைக்கும் அவரு ஒரே நாள்ல அறவே நிறுத்தவும் வேண்டாம். ஒரு டாக்டர் இப்படிச் சொல்றாரேன்னு தோணும், காரணம் சொல்றேன்.

ஒரு குவாட்டர்னா 180 மில்லி. நம்ம ஊர் கடையில விக்கிற பிராந்தி, விஸ்கியில ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டா ஒரு குவாட்டருக்குள்ள கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கு, ரெண்டுக்கு 120 கிராம். சாதாரணமா நம்ம உடம்பு ஒரு மணி நேரத்துக்கு ஏழுல இருந்து பத்து கிராம் வரைக்கும்தான் கரைக்கும், தினமும் குடிக்கிறவங்களுக்கு இதவிடக் கொஞ்சம் வேகமா கரையும், அப்படியே பாத்தாலும் ஒரு நாள்ல அவரு ரத்தத்துல சாராயம் இல்லாத நேரம் ரொம்பக் கம்மி. காலைல கை நடுங்குதுன்னு சொன்னீங்கல்ல, அது அந்தக் கொஞ்ச நேரத்துலதான் நடக்குது.

மூளையில என்ன நடக்குதுன்னா, சாராயம் மூளைய அமுக்குது, மூளை சும்மா இருக்காது, வருஷக்கணக்கா எதிர்த்துத் தள்ளித் தள்ளிப் பழகிடுது. ஒரு கதவ வெளிய இருந்து ஒருத்தர் பலமா சாத்திப் புடிச்சிருக்காரு, உள்ள இருந்து பத்து பேர் தள்ளிட்டு இருக்காங்கன்னு வெச்சுக்குங்க, வெளிய நிக்கிறவரு சட்டுனு விலகிட்டா என்ன ஆகும், அதுதான் குடிய ஒரே நாள்ல நிறுத்தும்போது ஆகுது. கடைசியாக் குடிச்சு ஆறு மணி நேரத்துலேயே நடுக்கம், வேர்வை, படபடப்பு, வாந்தி ஆரம்பிக்கும், தூக்கம் அன்னிக்கு ராத்திரியே போயிடும். முதல் ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், அதுவரைக்கும் வாழ்க்கையில ஃபிட்ஸே வராத ஆளுக்கும் வரும். ரெண்டு நாள்ல இருந்து நாலு நாளுக்குள்ள சில பேருக்கு டெலிரியம் வரும். இடம் தெரியாது, நேரம் தெரியாது, சுவத்துல பூச்சி ஊறுதும்பாங்க, வாசல்ல யாரோ கத்தியோட நிக்கிறாங்கம்பாங்க. அவங்கவங்க தொழில அப்படியே செய்வாங்க, தையல்காரர் இல்லாத ஊசியில இல்லாத நூலக் கோத்துட்டு இருப்பாரு, டிரைவர் கட்டில்ல உக்காந்து ஸ்டீயரிங்கத் திருப்பிட்டு, காலால கட்டில் கம்பிய பிரேக் மாதிரி மிதிப்பாரு. வீட்டுல இருக்குறவங்க பேய் புடிச்சிருக்குன்னு கோயிலுக்குத் தூக்கிட்டுப் போவாங்க, அங்க ஒரு நாள் போயிடும், அந்த ஒரு நாள்தான் உயிர் போற நாள். சரியான சிகிச்சை இல்லாத காலத்துல இந்த டெலிரியம் வந்தவங்கள்ல மூணுல ஒருத்தர் வரைக்கும் செத்திருக்காங்க, இப்ப ஆஸ்பத்திரியில சரியாப் பாத்தா நூத்துக்கு அஞ்சுக்கும் கீழ.

இப்ப உங்க கடிதத்த மறுபடி படிங்க. நாலு நாள் தூங்க வெச்சுட்டா தாண்டிடலாம்னு எழுதியிருக்கீங்க. ஆபத்து இருக்குறதே அந்த நாலு நாள்லதான், அந்த நேரத்துல ஆள் முழிச்சு இருக்கணும், இல்லன்னா கூப்பிட்டா முழிக்கிற நிலைமையிலயாவது இருக்கணும். தூங்குறாருன்னு நீங்க போர்வையப் போத்தி விட்டுட்டுப் பக்கத்து ரூம்ல இருப்பீங்க, அவரு வாந்தி எடுத்து அது மூச்சுக்குழாய்ல போயிருக்கலாம், மூச்சு கம்மியாகிட்டு இருக்கலாம். நடுவுல தாங்க முடியாம உங்களுக்குத் தெரியாம ஒரு கட்டிங் போட்டுட்டு வந்து மாத்திரையும் போட்டாருன்னா ரெண்டும் சேந்து மூச்சவே நிறுத்திடும். சாராயமும் இந்த மாத்திரையும் மூளையில ஒரே இடத்துலதான் வேலை செய்யுது.

அப்ப ஆஸ்பத்திரியிலயும் இதே குடும்பத்து மாத்திரையத்தானே குடுக்குறாங்கன்னு நாளைக்கு யாராவது உங்ககிட்ட சொல்லுவாங்க. உண்மைதான். குளோர்டையசிபாக்சைடு, டயஸிபாம், லொராஸிபாம், எல்லாம் அல்பிரசோலத்தோட சொந்தக்காரங்கதான். ஆனா அங்க அதத் தூங்கறதுக்காகக் குடுக்கல, ஃபிட்ஸும் டெலிரியமும் வராம இருக்கக் குடுக்குறாங்க, தூக்கம் கூடவே வர்றது. பகல்லயும் குடுப்பாங்க, ராத்திரியும் குடுப்பாங்க, முதல் நாள் அதிகமா, அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு ஒரு வாரம் பத்து நாள்ல முழுசா நிறுத்திடுவாங்க. குளோர்டையசிபாக்சைடு, டயஸிபாம் ரெண்டும் உடம்புல நாள்கணக்கா தங்கி மெதுவா இறங்குற மருந்து, அதனாலதான் அதப் பெரும்பாலும் எடுக்குறாங்க. லிவர் கெட்டுப் போனவங்களுக்கு அதுவே சேந்து சேந்து ஆளக் கவுத்துடும், அவங்களுக்கு லொராஸிபாம் மாதிரி, லிவருக்குப் பாரம் கம்மியான ஒண்ணு. உங்க நாத்தனாரோட மாத்திரை சீக்கிரம் இறங்குற ரகம், ராத்திரி ரெண்டு போட்டா அடுத்த நாள் சாயங்காலத்துக்குள்ள பெரும்பகுதி இறங்கியிருக்கும், ஃபிட்ஸ் ராத்திரி மட்டும்தான் வரும்னு யாரும் எழுதிக் குடுக்கல.

வார்டுல நர்ஸ் சில மணி நேரத்துக்கு ஒரு தடவ வந்து கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பாப்பாங்க, வேர்வை, குமட்டல், படபடப்பு, தலைவலி, காதுல சத்தம் கேக்குதா, கண்ணுல ஏதாவது தெரியுதா, இது எந்த இடம், என்ன தேதின்னு கேட்டு மார்க் போடுவாங்க. பத்து கேள்வி, மொத்தம் 67 மார்க், 1989ல இருந்து உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகள்ல இருக்குற அட்டவணை அது. மார்க் ஏறினா மாத்திரை ஏறும், இறங்கினா இறங்கும். வீட்டுல இத யார் பாப்பாங்க சொல்லுங்க.

இன்னொரு விஷயம், இது ரொம்பப் பேருக்குத் தெரியாது. வருஷக்கணக்காக் குடிச்சவங்க உடம்புல தயமின், அதாவது பி1 விட்டமின், காலியாகி இருக்கும். அந்த நேரத்துல சோர்வா இருக்காருன்னு பக்கத்து கிளினிக்ல வெறும் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏத்திட்டா மிச்சம் இருக்குற பி1ஐயும் அது இழுத்துடும், கண்ணு ஒழுங்கா அசையாது, நடை தள்ளாடும், புத்தி குழம்பும், கவனிக்காம விட்டா ஞாபக சக்தி நிரந்தரமா போயிடும். அதனாலதான் பி1 ஊசி முதல்ல, குளுக்கோஸ் அதுக்கப்புறம். நீங்க எந்த டாக்டர்கிட்ட போனாலும், தினமும் குடிக்கிறவரு, பி1 போட்டீங்களான்னு தைரியமா கேளுங்க, தப்பா நினைக்க மாட்டாங்க.

அசிங்கம்னு சொல்றாருல்ல, அவருகிட்ட இதச் சொல்லுங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, குடிய நிறுத்துற சிகிச்சை அங்கயே நடக்குது. 2017 மனநலச் சட்டம் குடிநோயையும் சேத்துதான் பேசுது, அதுப்படி சிகிச்சை விவரத்த ரகசியமா வெச்சுக்கிறது அவரோட உரிமை. தனியார் மையத்துக்குப் போறதா இருந்தா மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்காங்களா, ராத்திரியும் நர்ஸ் இருக்காங்களா, ஃபிட்ஸ் வந்தா எங்க கொண்டு போவீங்கன்னு இந்த மூணையும் கேட்டுட்டு சேருங்க, பதில் மழுப்பினா திரும்பி வந்துடுங்க. குடி கம்மியா இருக்குற, ஃபிட்ஸ் வந்ததே இல்லாத, வீட்டுல தெளிவான ஆள் ஒருத்தர் கூடவே இருக்குற சில பேருக்குத் தினமும் வந்து காட்டிட்டுப் போற மாதிரி வெளிநோயாளியாவே பண்றதும் உண்டு. உங்க வீட்டுக்காரருக்குக் காலைல குடிச்சாதான் நடுக்கம் நிக்குதுங்கறதால எனக்கு அட்மிட் ஆகறதுதான் சரின்னு படுது. அதுக்குள்ள தற்செயலா குடி நின்னு போயி ஃபிட்ஸ், உளறல், தெரியாத ஆளுங்கள பாக்குறது, ஜுரம், இதுல எது வந்தாலும் 108, யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: எங்க அண்ணனக் குடிய நிறுத்த அட்மிட் பண்ணி மூணாவது நாள் இது, நான்தான் கூட இருக்கேன். பகல் எல்லாம் அசந்து கிடக்கான், ராத்திரி ஆனா கண்ணே மூடமாட்டேங்கிறான், எந்திரிச்சு நடக்கறான். மாத்திரை பேர நெட்டுல தேடினா அடிமையாக்கிடும்னு போட்டிருக்கு. அம்மா போன்ல, ஒரு போதைய விட்டுட்டு இன்னொரு போதையா, வாங்கி வாயில போடாதடான்னு அழுவுறாங்க. அதே நேரம் ராத்திரிக்கு மட்டும் நல்ல தூக்க மாத்திரை ஒண்ணு குடுங்கன்னு டூட்டி டாக்டர்கிட்ட கேட்டேன், தரமுடியாதுன்னுட்டாரு. குடுக்குறத குறைக்கச் சொல்லணுமா, கூடக் கேக்கணுமா, ஒண்ணும் புரியல.
(தங்கை, தஞ்சாவூர்)

பதில்: தங்கச்சி, ரெண்டும் கேக்க வேண்டாம். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான், அந்த மாத்திரையத் தூக்க மாத்திரைன்னு நினைக்கிறதாலதான் பகல்ல அதிகம்னும் ராத்திரி பத்தலன்னும் தெரியுது.

மூணாவது நாள்ங்கிறது உச்சம். உங்க அண்ணன் இப்ப பிச்சு எறியாம, பூச்சி ஊறுதுன்னு கத்தாம, கட்டில்ல படுத்துக் கிடக்கறாருன்னா அந்த மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். 1969ல அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகள்ல 537 பேர வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, குடிய நிறுத்தினவங்கள்ல சில பேருக்குக் குளோர்டையசிபாக்சைடு, சில பேருக்கு அந்தக் காலத்துல மனநோய்க்குக் குடுத்த குளோர்ப்ரோமசின், சில பேருக்கு அரிப்பு மாத்திரை, சில பேருக்கு வெறும் பி1, சில பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. ஃபிட்ஸும் டெலிரியமும் குளோர்டையசிபாக்சைடு சாப்பிட்டவங்களுக்குத்தான் ரொம்பக் கம்மி. குளோர்ப்ரோமசின் ஆள அமைதியாக்கும், ஆனா ஃபிட்ஸ் வர்றத சுலபமாக்கிடும். ஆள் அடங்கிக் கிடக்கறதும் ஆள் பத்திரமா இருக்கறதும் வேற வேறன்னு அன்னிலேர்ந்தே டாக்டர்களுக்குத் தெரியும். அம்மாகிட்ட சொல்லுங்க, அடிமையாகறது வாரக்கணக்கா மாசக்கணக்கா சொந்தமா போட்டுக்கறப்போ நடக்குறது, ஒரு வாரம் எண்ணிக் குடுத்துக் குறைச்சு நிறுத்துறதுல அந்தப் பயம் ரொம்பக் கம்மி. நடுவுல துப்பிட்டா நாலாவது நாள் ஃபிட்ஸ் வரலாம், அம்மாவுக்கு அத யாரு பதில் சொல்றது.

ராத்திரிக்குத் தனியா தூக்க மாத்திரை கேட்டீங்க. ஏற்கெனவே உடம்புல ஒரு மருந்து நாள்கணக்கா சேந்துட்டு இருக்கு, அதுக்கு மேல ஸோல்பிடெம் மாதிரி இன்னொண்ணு ஏத்தினா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து மூச்சக் குறைக்கும். அதவிட, நடுராத்திரி உங்க அண்ணன் திடீர்னு உளற ஆரம்பிச்சா இது டெலிரியமா, மாத்திரை மயக்கமான்னு யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது. ரெண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர், ஒண்ணுக்கு மருந்து ஏத்தணும், இன்னொண்ணுக்கு நிறுத்தணும். டாக்டர் மறுத்தது அதனாலதான். தூங்காம நடமாட்டம், நடுக்கம், வேர்வை கூடிட்டே போச்சுன்னா அவங்க குடுக்குற அதே மருந்தத்தான் கூட்டுவாங்க, புதுசா ஒண்ணச் சேக்க மாட்டாங்க. சில பேரு சளிக்கும் அரிப்புக்கும் குடுக்குற அவில் மாதிரி மாத்திரைய வெளிய மெடிக்கல்ல வாங்கி நர்ஸுக்குத் தெரியாம குடுக்கறாங்க, தூக்கம் வரும்னு. அது புத்திக் குழப்பத்த அதிகமாக்கும், தயவு செஞ்சு பண்ணாதீங்க.

நீங்க பண்ண வேண்டியது வேற. பகல்ல அசந்து கிடக்கும்போது அப்பப்ப பேர் சொல்லிக் கூப்பிடுங்க, கண்ணத் தொறந்து ஒரு வார்த்தை பதில் சொன்னா சரி. கூப்பிட்டும் தோளத் தட்டியும் எழும்பல, குறட்டை வித்தியாசமா இருக்கு, உதடு நீலமா இருக்குன்னா நர்ஸ ஓடிப் போய்க் கூட்டிட்டு வாங்க. ராத்திரி சின்ன லைட் எரியட்டும், முழு இருட்டுல நிழல்கூட ஆளாத் தெரியும் அவருக்கு. கடிகாரம் கண்ணுக்குப் படுற மாதிரி வைங்க. இது இன்ன ஆஸ்பத்திரி, நான் உன் தங்கச்சி, இன்னிக்கு இன்ன கிழமைன்னு சொல்லிட்டே இருங்க, தண்ணி குடுங்க. அவரு பாத்ரூமுக்கு எந்திரிச்சா கூடவே போங்க, இந்த மருந்துல விழுந்து தலையில அடிபடுறது ரொம்ப சாதாரணமா நடக்கும். அப்புறம் முக்கியமானது, குடியத் தவிர வேற மாத்திரை ஏதாவது போட்டுட்டு இருந்தாரா, கடைசியா எப்ப குடிச்சாரு, எவ்வளவு, முன்னாடி எப்பவாவது ஃபிட்ஸ் வந்திருக்கா, இதெல்லாம் டாக்டர்கிட்ட ஒளிக்காம சொல்லிட்டீங்களா? இல்லன்னா இத படிச்சு முடிச்சதும் போய்ச் சொல்லுங்க.

கேள்வி: 2020 லாக்டவுன்ல கடையெல்லாம் மூடினப்ப கேரளாவுல டாக்டர் சீட்டு எழுதினா சரக்கு குடுக்கலாம்னு கவர்ன்மென்டே சொன்னாங்களே. அப்ப மாத்திரைக்குப் பதிலா சரக்கையே கொஞ்சம் கொஞ்சமா குறைச்சா என்ன சார்?
(திருநெல்வேலி)

பதில்: தம்பி, அந்த உத்தரவு 2020 மார்ச் 30ல வந்துச்சு, கேரள டாக்டர்கள் சங்கம் கடுமையா எதிர்த்தாங்க, ஏப்ரல் 2ல கேரள ஹைகோர்ட் அதுக்குத் தடை போட்டுடுச்சு. திடீர்னு குடி நின்னதால அந்த வாரங்கள்ல தற்கொலைகூட நடந்துச்சு, கவர்ன்மென்ட் பயந்தது நியாயம்தான், ஆனா அதுக்கு மருந்து இருக்கும்போது சாராயத்த சீட்டுல எழுத எந்த டாக்டருக்கும் மனசு வராது. மாத்திரை இவ்வளவு நேரம் இருக்கும், இவ்வளவு வேகத்துல இறங்கும்னு கணக்கு இருக்கு, சரக்குக்கு அந்தக் கணக்கு கிடையாது, சீக்கிரம் இறங்கிடும், லிவரையும் கெடுக்கும், அதோட முதல் கிளாஸ் உள்ள போனதும் குறைக்கிறேன்னு சொன்ன ஆளே காணாமப் போயிடுவாரு. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிற வரைக்கும் ரெண்டு மூணு நாள் அறவே நிறுத்தாம அளவக் கூட்டாம இருங்கன்னு சொல்றது வேற, அத சிகிச்சையா நினைச்சுக்காதீங்க.

கேள்வி: என் பையன் டிஸ்சார்ஜ் ஆகி வந்துட்டான். ஒரு மாசத்துக்கு மொத்தமா மாத்திரை எழுதிக் குடுங்க, தினமும் பஸ் ஏறி வர முடியாதுன்னு கேட்டேன், மூணு நாளுக்குத்தான் எழுதினாங்க. மெடிக்கல்ல போய்க் கேட்டா பழைய சீட்டுக்குத் தரமாட்டேங்கிறான். வயசான காலத்துல அலைய விடுறாங்களே.
(ஒரு தாய், விழுப்புரம்)

பதில்: அம்மா, அலைச்சல் கஷ்டம்தான், ஆனா மூணு நாளுக்கு எழுதினவரு உங்க பையன் மேல அக்கறை இருக்குறவரு. லண்டன்ல கீத் மூன்னு ஒரு பெரிய டிரம்ஸ் கலைஞர், 'தி ஹூ' குழுவுல வாசிச்சவரு. குடிய விடணும்னு அவரே ஆசைப்பட்டு, வீட்டுல இருந்தே விடறேன்னு டாக்டர்கிட்ட கேட்டு, க்ளோமெதியாசோல்னு ஒரு மாத்திரை, நூறு மாத்திரை பாட்டிலோட வாங்கிட்டுப் போனாரு. ஒரு நாளைக்கு மூணுக்கு மேல வேண்டாம்னு சொல்லித்தான் குடுத்தாங்க. 1978 செப்டம்பர் 7ல செத்துக் கிடந்தாரு, வயித்துல 32 மாத்திரை, அதுல ஆறுதான் கரைஞ்சிருந்துச்சு, அந்த ஆறே உயிர எடுக்கப் போதுமானது. வயசு 32. மருந்து மோசமான மருந்து இல்ல, கூட இருந்து எண்ணிக் குடுக்க யாரும் இல்ல. இன்னிக்கு இங்கிலாந்துல அந்த மருந்த இந்த சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்குள்ள வெச்சு மட்டும்தான் குடுக்கணும்னு இருக்கு.

நம்ம நாட்டுலயும் 2014 மார்ச்ல இருந்து அல்பிரசோலம், டயஸிபாம், குளோர்டையசிபாக்சைடு, ஸோல்பிடெம் எல்லாம் எச்1னு ஒரு தனிப் பட்டியல்ல இருக்கு. கடைக்காரர் சீட்டு எழுதின டாக்டர் பேர், நோயாளி பேர், எத்தனை மாத்திரைன்னு ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். அதனால பழைய சீட்டுக்குத் தரலைன்னா அந்தக் கடைக்காரர் மேல கோபப்படாதீங்க. வீட்டுல இருக்குற மூணு நாள் மாத்திரையையும் பையன் கையில குடுக்காம நீங்களே வெச்சு நேரத்துக்கு ஒண்ணா குடுங்க. அலைச்சலுக்கு ஒரு வழி, டாக்டர்கிட்ட உங்க ஊருக்குப் பக்கத்துல இருக்குற அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்க, மாவட்ட மனநலத் திட்டத்துல டாக்டர் அங்க வர்ற நாள் என்னன்னு கேட்டு அந்த நாள்ல போகலாம். ராத்திரி நேரத்துல சந்தேகம்னா 14416க்கு போன் பண்ணலாம், டெலி மானஸ், காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க.

கேள்வி: டாக்டர், நான் குடிய விட்டு ஆறு வாரம் ஆச்சு. ஆஸ்பத்திரியில இருந்தப்ப நல்லா தூங்கினேன், மாத்திரைய நிறுத்தினதுல இருந்து தூக்கமே இல்ல. பன்னெண்டு மணிக்குப் படுத்தா ரெண்டு மணிக்கு முழிப்பு, அப்புறம் விடியுற வரைக்கும் ஃபேனப் பாத்துட்டுக் கிடக்கேன். கண்ண மூடினா கனவு, அதுல குடிச்சிட்டு இருக்கேன், முழிச்சதும் நிஜமாவே குடிச்சிட்டோமோன்னு வாயை மோந்து பாக்குறேன். ஒரே ஒரு கட்டிங் போட்டா தூங்கிடுவேன்னு மனசு சொல்லுது. தூக்க மாத்திரையாவது திரும்ப ஆரம்பிச்சா என்ன? பழைய அட்டையில பாதி இருக்கு.
(42 வயது, கோவை)

பதில்: நண்பரே, ரெண்டு மணிக்கு ஃபேனப் பாத்துட்டுக் கிடந்தும் ஆறு வாரமா தொடாம இருக்கீங்க, அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு நடக்குறது எதுவும் புதுசு இல்ல, உங்க மேல தப்பும் இல்ல. குடிய விட்டவங்கள்ல நிறைய பேருக்கு முதல் சில வாரம், சில பேருக்கு சில மாசம்கூட தூக்கம் இப்படித்தான் உடைஞ்சு உடைஞ்சு இருக்கும். ஆஸ்பத்திரியில இத உங்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தா பாதி பயம் குறைஞ்சிருக்கும், டிஸ்சார்ஜ் பண்ணும்போது இதச் சொல்லி அனுப்பணும்ங்கறது என்னோட ரொம்ப நாள் ஆதங்கம்.

சாராயம் ஆளச் சீக்கிரம் தூங்க வைக்கும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அது இறங்குற நேரத்துல, அதாவது ராத்திரி பின்பாதியில, தூக்கத்தக் கிழிச்சுடும். கனவு வர்ற தூக்கம்னு ஒண்ணு இருக்கு, அத சாராயம் வருஷக்கணக்கா அமுக்கியே வெச்சிருக்கும், இப்ப அமுக்குறது எதுவும் இல்லாததால அது மொத்தமா மேல வருது. குடிக்கிற கனவு அதனாலதான், அத வெச்சு மறுபடி குடிக்கப் போறோம்னு பயப்படாதீங்க. ஒரு கட்டிங் போட்டா இன்னிக்கு ராத்திரி தூங்குவீங்க, நாளைக்கு ரெண்டு மணிக்கு முழிப்பு வரும், நாளன்னிக்கு ரெண்டு கட்டிங் வேணும். தூக்கம் இல்லாததாலயே திரும்பக் குடிக்கப் போனவங்க நிறைய, அதனால தூக்கப் பிரச்சினைய சின்ன விஷயமா விடாதீங்க, டாக்டர்கிட்ட இதையே முதல் புகாராச் சொல்லுங்க.

பழைய அட்டை வேண்டாம். அத இன்னிக்கே டாக்டர்கிட்ட திருப்பிக் குடுத்துடுங்க. ஆஸ்பத்திரியில அது உங்க மூளையக் காப்பாத்த ஒரு வாரத்துக்குக் குடுத்தது, அந்த வேலை முடிஞ்சது. இப்ப தூங்கறதுக்காக எடுத்தா சாராயத்தோட இடத்துல அது உக்காந்துடும், ஒரு மாசத்துல ஒண்ணு பத்தாம ரெண்டு ஆகும், நடுவுல என்னிக்காவது குடிச்சும் தொலைச்சா உயிருக்கே ஆபத்து. ஸோல்பிடெம் அந்தக் குடும்பம் இல்லையேன்னு மெடிக்கல்ல சொல்லுவாங்க, அதுவும் மூளையில அதே இடத்துலதான் வேலை செய்யுது, தூக்கத்துலயே எந்திரிச்சு நடக்குறது, வண்டி எடுக்குறதுன்னு நடந்ததால 2019ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அது மேல கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை எழுத வெச்சாங்க.

இந்த அளவுக்கு அடிமைப்படுத்தாத மருந்து இருக்கான்னா இருக்கு, டாக்டர் உங்களப் பாத்து எழுதலாம். கேபாபென்டின், மிர்டாஸபின், மெலடோனின், இப்படி ஆளுக்கு ஏத்த மாதிரி. ஆனா எதுவும் மந்திரம் இல்ல. ட்ராஸோடோன்னு ஒரு மருந்து ரொம்ப நாளா இதுக்கு எழுதுறது உண்டு, அத வெச்சு ஒரு ஆய்வு பண்ணப்ப சாப்பிட்ட வரைக்கும் தூக்கம் நல்லா வந்துச்சு, ஆனா குடிக்காம இருந்த நாள் அவங்களுக்கு மத்தவங்க அளவுக்குக் கூடல, மருந்த நிறுத்தினதும் மத்தவங்களவிட அதிகமா குடிச்சாங்க. அதனால மாத்திரைய மட்டும் நம்பி தூக்கத்த ஒப்படைச்சிடாதீங்க. குடிக்காம இருக்க நால்ட்ரெக்ஸோன் எடுத்துட்டு இருந்தீங்கன்னா அதுவே சில பேருக்குத் தூக்கத்தக் கெடுக்கும், ராத்திரி சாப்பிடுறதா இருந்தா காலைக்கு மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

மாத்திரை இல்லாத ஒரு வைத்தியம் இருக்கு, குடிய விட்டவங்களுக்கும் நல்லா வேலை செய்யுதுன்னு நிரூபிச்சிருக்காங்க, ஆனா முதல் ரெண்டு வாரம் பல்லக் கடிக்கணும். எத்தன மணிக்குத் தூங்கினாலும் காலைல ஒரே நேரத்துக்கு எந்திரிக்கணும், ஞாயித்துக்கிழமையும்தான். நீங்க நிஜமா தூங்குறது அஞ்சரை மணி நேரம்னா கட்டில்ல இருக்குறதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், அஞ்சு மணி நேரத்துக்கும் கீழ போக வேண்டாம். தூக்கம் கூடக் கூட வாரத்துக்கு ஒரு கால் மணி நேரம் அரை மணி நேரம் முன்னாடி படுங்க. ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து இருவது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரலைன்னா ஃபேனப் பாத்துட்டுக் கிடக்காதீங்க, எந்திரிச்சு ஹால்ல உக்காருங்க, மங்கலான வெளிச்சத்துல துணி மடிங்க, பழைய பத்திரிகை படிங்க, போன் மட்டும் வேண்டாம், கண்ணு சொக்கினா மட்டும் திரும்பக் கட்டிலுக்குப் போங்க. நேரம் பாக்காதீங்க. பகல்ல தூங்காதீங்க. குடிய விட்டவங்க டீயும் காபியும் சிகரெட்டும் ரெண்டு மடங்காக்கிடுறாங்க, நீங்க எழுதல, ஆனா இருக்கும்னு நினைக்கிறேன், மத்தியானத்துக்கு மேல டீ காபி வேண்டாம், படுக்குறதுக்கு முன்னாடி சிகரெட் வேண்டாம். வண்டி ஓட்டுற வேலை, மெஷின் வேலைன்னா படுக்கிற நேரத்தக் குறைக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க, பகல்ல தூங்கி விழுந்துடக் கூடாது. முன்னாடி ஃபிட்ஸ் வந்திருந்தாலும் கேக்காம குறைக்காதீங்க.

ரெண்டு விஷயம் கண்டிப்பா பாக்கணும். ஒண்ணு, விடியக்காலைல முழிப்பு வர்றதோட எதுலயும் பிடிப்பு இல்ல, வாழ்ந்து என்னன்னு தோணுதுன்னா அது மனச்சோர்வு, அதுக்குத் தனியா மருந்து உண்டு, அன்னிக்கே டாக்டரப் பாருங்க, இல்ல 14416. இன்னொண்ணு குறட்டை. தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வர்ற நோய் இருந்தா நீங்க என்ன பண்ணாலும் தூக்கம் உடையும், அந்த நோயோட தூக்க மாத்திரை போட்டா ஆபத்தும்கூட. அது உங்களுக்குத் தெரியாது, பக்கத்துல படுக்கறவங்களுக்குத்தான் தெரியும். அடுத்த தடவ டாக்டர்கிட்ட போகும்போது வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போய் அவங்க வாயால சொல்லச் சொல்லுங்க.